முடிந்த பாடம் திரும்ப வரட்டும்: ஆங்கிலப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பாடத்திட்டம் வகுக்கிறவர்களுக்கும் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஒரு தடவை ஆங்கிலம் படித்து முடித்தவர்கள். டென்ஸ் எத்தனை என்று கேட்டால் பன்னிரண்டு என்று யோசிக்காமல் சொல்வார்கள். ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள். பேசச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களில் ஒருவரால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நாற்பது வயதை நெருங்கும் பெண் அவர். முதல் நாள் தன் பழைய நோட்டையும் எடுத்து வந்திருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. ஐ ஒர்க், யூ ஒர்க், வீ ஒர்க், தே ஒர்க். அதற்குக் கீழே தனிக் கட்டத்தில் ஹி ஒர்க்ஸ், ஷி ஒர்க்ஸ், இட் ஒர்க்ஸ். அந்தக் கடைசி 'ஸ்' மட்டும் சிவப்பு மையில். ஒரு பிழைகூட இல்லை. "உங்க தங்கச்சி என்ன பண்றாங்க, இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றேன். "மை சிஸ்டர் ஒர்க் இன் எ பேங்க்" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். விரல் தானாகவே அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் போய் நின்றது. "இது ரெண்டாவது பாடத்துலயே முடிஞ்சிருச்சு டீச்சர். இன்னும் வர மாட்டேங்குது" என்றார்.

முடிந்துவிட்டது, ஆனால் வரவில்லை. அவர் குரலில் இருந்தது வெட்கம். பாடம் தன் கடமையைச் செய்துவிட்டது, தான்தான் தவறிவிட்டோம் என்று உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நம் பாடத்திட்டம் என்பதால்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அவருக்கு விதி புரியாமல் இல்லை. தமிழில் பெரும்பாலான வினைமுற்றுகள் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தம் கடைசியில் சுமந்துகொண்டுதான் வருகின்றன. பார்க்கிறேன், பார்க்கிறாய், பார்க்கிறாள், பார்க்கிறார்கள். தங்கையைப் பற்றிப் பேசும்போது 'பார்க்கிறேன்' என்று அவர் வாய் ஒருநாளும் தடுமாறியதில்லை. இத்தனை விகுதிகளை அனாயாசமாகக் கையாள்கிறவருக்கு ஆங்கிலத்தின் ஒற்றை 'ஸ்' ஏன் நழுவுகிறது? 1970-களில் ஹெய்டி டூலே, மரீனா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினரின் தாய்மொழி ஸ்பானியம், இன்னொரு பகுதியினரின் தாய்மொழி சீனம். ஆங்கிலத்தின் சின்னச் சின்ன இலக்கண உறுப்புகள் இரு தரப்பினருக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கைவந்தன. 'ஒர்க்கிங்' என்பதில் உள்ள 'இங்' சீக்கிரமே வந்துவிடுகிறது. 'ஒர்க்ஸ்' என்பதன் 'ஸ்' பின்தங்கித்தான் வருகிறது. தாய்மொழியும் இந்த வரிசையை ஓரளவு அசைக்கும் என்று பிற்பாடு வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த 'ஸ்' தாமதமாக வரும் விருந்தாளி என்பது வகுப்பறையில் இருக்கிற எவருக்கும் தெரியும்.

நம் நூல்கள் அதை இரண்டாம் பாடத்தில் வைக்கின்றன. வைக்கட்டும், அறிமுகம் எங்காவது தொடங்கத்தானே வேண்டும். மூன்றாம் பாடத்தில் அடுத்த டென்ஸ் வந்துவிடுகிறது, நான்காம் பாடத்தில் அதற்கடுத்தது. முதலில் வந்ததை மறுபடி யாரும் கேட்பதில்லை. ஆசிரியர்கள் நாங்களும் "சிம்பிள் பிரசென்ட் முடிஞ்சது" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த போர்ஷனுக்குப் போகிறோம். மாணவரின் மூளை அந்தப் பதிவேட்டைப் பார்த்து நடப்பதில்லை.

ஒரு விடுமுறையில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். பரவலாகப் பயன்படும் ஒரு பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டேன். பெயர் இங்கே தேவையில்லை. மூன்றாம் பாடத்தின் முடிவில் 'புதிய சொற்கள்' என்று பெட்டி போட்டுக் கொடுத்திருந்த சொற்களைத் தனித் தாளில் எழுதினேன். பிறகு நான்காம் பாடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்தச் சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். பெரும்பாலான சொற்களுக்கு எதிரே ஒரு கோடுகூட விழவில்லை. ஒரு பத்தியில் தலைகாட்டி, பெட்டிக்குள் ஒரு தடவை அச்சாகி, 'பொருத்துக' பயிற்சியில் ஒரு தடவை வந்துவிட்டு அந்தச் சொற்கள் காணாமல் போயிருந்தன. அவற்றை மறந்துபோன மாணவரை நாம் கவனக்குறைவானவர் என்கிறோம். அந்தச் சொற்களை நூலே மறந்துவிட்டது.

இந்த மறதி பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இலேயே இதை அளந்து எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தவர். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் குறைகிறது. அவர் கண்டுபிடித்த இன்னொன்று நமக்கு இன்னும் முக்கியம். ஒரே நாளில் 68 தடவை திரும்பச் சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 தடவை சொன்னபோதே அவர் பெற்றுவிட்டார். கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம். கூடுதல் நேரம் கேட்காமல் இருக்கிற நேரத்தைப் பிரித்துப் போட்டாலே கிடைக்கிற லாபம் இது.

1967-இல் பால் பிம்ஸ்லர் என்ற மொழியியலாளர் இதை மொழிக் கற்றலுக்கென்றே ஒரு கால அட்டவணையாக்கினார். ஒரு புதுச் சொல்லை 5 விநாடி கழித்துக் கேள், அப்புறம் 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி நேரம், 5 மணி நேரம், ஒரு நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், கடைசியாக 2 வருடம் என்று இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் 4 மாதமும் 2 வருடமும் இருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு பழைய சொல்லை மாணவரிடம் மறுபடி கொண்டுவந்து நிறுத்தத் தனி ஆசிரியரால் முடியாது. அடுத்த ஆண்டு அவர் கையில் வேறு மாணவர்கள் இருப்பார்கள். அதைச் செய்யக்கூடியது பாடத்திட்டம் மட்டுமே. என் கோரிக்கையை ஆசிரியர் சங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-இல் சுருள்வடிவப் பாடத்திட்டம் என்ற கருத்தை முன்வைத்தார். ஒன்றைத் தொட்டுவிட்டு, பிறகு மேலே ஒரு சுற்றில் வந்து அதையே இன்னும் ஆழமாகத் தொடுவது. உங்கள் முன்னுரைகளில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. உள்ளே பக்கங்களில் சுருளைத் தேடினால் நேர்க்கோடுதான் இருக்கிறது. இன்னும் சில நூல்களில் 'மீள்பார்வை' என்று ஐந்து பாடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். அதே கோடிட்ட இடம், அதே வாக்கியம், எண்ணை மட்டும் மாற்றிப் போட்டிருப்பார்கள். நான் கேட்கும் திரும்பி வருதல் அது இல்லை. பழைய சொல் புது இடத்தில் வர வேண்டும். 'கேரி' என்ற வினையைப் பை தூக்குவதற்குக் கற்றார் என்றால், சில வாரம் கழித்து ஆறு மண்ணைச் சுமந்து போகும் பத்தியில் அதைச் சந்திக்கட்டும். இன்னும் சில மாதம் போனால் 'கேரி ஆன்' என்று வேறு முகத்தோடு வரட்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தச் சொல் கொஞ்சம் புதிதாகவும் கொஞ்சம் பழகியதாகவும் இருக்க வேண்டும். ஒரு சொல்லை வாசிப்பின் வழியே நன்றாகப் பழகிக்கொள்ளப் பத்துச் சந்திப்புகள்கூடப் போதாமல் இருக்கலாம் என்றுதான் சொல்லறிவு பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. நம் பெட்டிச் சொல்லுக்குக் கிடைப்பது மூன்று.

சரி, எல்லாச் சொல்லையும் பத்து முறை கொண்டுவந்தால் நூல் தலையணை அளவு ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். அதனால்தான் எந்தச் சொற்கள் என்ற கேள்வி வருகிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1953-இல் ஆங்கிலம் கற்பவர்களுக்கு மிகவும் பயன்படும் சுமார் 2000 சொற்களைப் பட்டியலிட்டார். எந்தச் சாதாரணப் பனுவலை எடுத்தாலும் அதில் வரும் மொத்தச் சொற்களில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு இந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது. பிற்காலத்தில் கணினியின் உதவியோடு பட்டியல்கள் செம்மையாகியிருக்கின்றன. அடிப்படை உண்மை மாறவில்லை. அந்த 2000 சொற்களை முதல் கட்டத்தில் விடாமல் சுற்றவிட்டால் மாணவர் காலூன்றி நிற்பார். அதற்குப் பதிலாக நாம் என்ன கொடுக்கிறோம்? சிங்கக் கூட்டத்துக்கு ஒரு பெயர், காகக் கூட்டத்துக்கு ஒரு பெயர், மீன் கூட்டத்துக்கு ஒரு பெயர் என்று ஒரு முழுப் பக்கம். அதை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு 'ஈவன் தோ' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, ஒளிக்கவில்லை.

வாசிப்பையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தைத் துணையில்லாமல் புரிந்து படிக்க அதில் 98 சதவீதச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்லறிவு ஆய்வாளர்களின் முடிவு. அதாவது 50 சொல்லுக்கு ஒரு சொல்தான் புதிது. நம் பாடங்களில் வரிக்கு மூன்று புதுச் சொல் இருக்கிறது. அதைப் படிப்பது என்று சொல்ல முடியாது, அகராதியை வைத்துக்கொண்டு தோண்டுவது அது. தோண்டும் பாடமும் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, தெரிந்த சொற்களால் மட்டும் எழுதிய எளிய கதைகளும் கட்டுரைகளும் நிறைய வேண்டும். மாணவர் தடுக்காமல் ஓட்டமாகப் படிக்கும்போது பழைய சொற்கள் எல்லாம் கேட்காமலே திரும்பி வரும். திரும்பி வருதலை இவ்வளவு இயல்பாகச் செய்கிற இன்னொரு வழியை நான் கண்டதில்லை. என் வகுப்பில் ஒருவர் இருபது பக்கக் கதை ஒன்றை முடித்துவிட்டு, "முதல் தடவையா ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படிச்சேன்" என்று அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். ஐம்பது வயதுக்காரர்.

ஒலி விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். பல நூல்களில் உச்சரிப்பு முதல் சில பக்கங்களோடு சரி. மூட்டை கட்டுவதற்கு ஒரு சொல், முதுகுக்கு ஒரு சொல், தோளில் மாட்டும் பைக்கு ஒரு சொல் என்று ஆங்கிலத்தில் மூன்று இருக்கின்றன. மூன்றையும் தமிழில் எழுதிப் பாருங்கள். 'பேக்', 'பேக்', 'பேக்'. நம் எழுத்தில் ஒரே ப, ஒரே க. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு கொடுத்துக் கற்பிக்கும் நூல் இந்த வேறுபாட்டைத் தொடங்கும்போதே அழித்துவிடுகிறது. காது முதலில் பழக வேண்டும், அதுவும் ஒரே வாரத்தில் பழகிவிடாது. அழுத்தமும் அப்படித்தான். 'ஃபோட்டோகிராஃப்' என்னும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். 'ஃபோட்டோகிராஃபி' என்றதும் அது இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். முதல் அசையின் உயிரொலி மங்கிப்போகும். எல்லா அசையையும் ஒரே எடையோடு சொல்லிப் பழகிய தமிழ் நாக்குக்கு இது அந்நியம். எழுத்தில் படித்தால் நன்றாகத் தெரிகிற சொல் எதிரில் இருப்பவர் சொல்லும்போது பிடிபடாமல் போவதற்கு இந்த மங்கல் ஒரு பெரிய காரணம். இதை ஆறாம் பாடத்திலும் பதினாறாம் பாடத்திலும் அறுபதாம் பாடத்திலும் இரண்டிரண்டு நிமிடம் காதில் போட்டால் போதும். தனிப் பாடம்கூட வேண்டாம்.

கேள்வி கேட்கும் முறையும் இதே கதைதான். தமிழில் 'போகிறாய்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி தயார். ஆங்கிலத்தில் எங்கிருந்தோ ஒரு 'டூ' வந்து வாக்கியத்தின் முன்னால் நிற்க வேண்டும், இறந்த காலமென்றால் அது 'டிட்' ஆகிவிடும், உடனே வினை தன் மூல வடிவத்துக்கு இறங்கிவிடும். மூன்று மாற்றத்தை ஒரு மூச்சில் செய்ய வேண்டும். இதற்கு நாம் கொடுப்பது ஒரு பாடம். வாழ்க்கையில் மனிதர்கள் அதிகம் செய்வது கேள்வி கேட்பதுதான் என்பதால் இது எனக்குத் தனியாக வலிக்கிறது. பதில் சொல்லவே பழக்கி, கேட்கப் பழக்காமல் விட்டுவிட்டோம்.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், நேரம் பற்றி மாணவரிடம் யாரும் நேர்மையாகப் பேசுவதில்லை. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட கட்டமைப்பு மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. அதில் மூன்றாவது நிலையான பி1-ஐ எட்டத் தொடக்கத்திலிருந்து 350 முதல் 400 மணி நேர வகுப்புக் கற்றல் தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் மதிப்பீடு. பி2-க்கு 500 முதல் 600 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் பி1-க்கே ஒரு வருடத்தைத் தொட்டுவிடும். 30 நாளில் சரளமாகப் பேசலாம் என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்து, 31-ஆம் நாள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு விலகியவர்கள் என் வகுப்பிலேயே பலர். உங்கள் நூலின் முதல் பக்கத்தில் இந்த மணிக்கணக்கை அச்சிடுங்கள். நீண்ட பயணம் என்று தெரிந்தால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு தூரம் என்று தெரியாமல் நடப்பதுதான் அவர்களைக் களைப்படைய வைக்கிறது.

இருக்கிற மணிகளுக்குள் இடம் தேட வேண்டுமானால் எதை வெட்டலாம் என்றும் சொல்கிறேன். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி பத்துப் பக்கம் தேவையில்லை. எந்த மனிதரும் ஒரு வாக்கியத்தைக் கையில் வாங்கி அதை வேறொரு வாக்கியமாக மாற்றித் திருப்பிக் கொடுத்துப் பேசுவதில்லை. பாசிவ் வாய்ஸ் மாற்றமும் அப்படித்தான். எங்கே அது இயல்பாக வருகிறதோ அந்தச் செய்திப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள், போதும். விலங்குக் கூட்டங்களின் பெயர்களை எடுத்துவிடலாம். அரிய மரபுத்தொடர்களின் பட்டியலையும் எடுத்துவிடலாம். இலக்கணமே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். வளர்ந்தவர்களுக்கு ஒரு விதி தெரிந்தால் மனத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அந்தப் பெண்ணின் சிவப்பு 'ஸ்' வீணில்லை. தன் பிழையை அந்த நொடியே கண்டுபிடித்தது அதனால்தானே. அது வாய்க்கு வந்து சேர வேண்டிய மீதி வழியைத்தான் நாம் அமைத்துக் கொடுக்கவில்லை.

தேர்வைத் தொடாமல் இது நடக்காது என்றும் எனக்குத் தெரியும். இந்தப் பருவத்தின் பாடங்களிலிருந்து மட்டும் கேள்வி கேட்டால், போன பருவத்தை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு தேர்விலும் ஒரு பகுதி, முன்பு முடிந்தவற்றிலிருந்து, நூலில் இல்லாத புது வாக்கியங்களில் வரட்டும். ஓரிரு நிமிடம் பேசச் சொல்லும் பகுதியும் இருக்கட்டும். அதில் அந்த 'ஸ்' விடுபட்டால் மதிப்பெண்ணைக் குறைக்காமல், இன்னும் வரவில்லை என்று மட்டும் குறித்து ஆசிரியருக்கு அனுப்புங்கள்.

ஒன்றே ஒன்றை உடனே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு பாடத்தின் புதுச் சொற்களையும் புது இலக்கண அமைப்புகளையும் இடது பக்கம் எழுதி, அவை மறுபடி எந்தெந்தப் பாடங்களில் வருகின்றன என்று வலது பக்கம் குறித்து ஓர் அட்டவணை தயாரியுங்கள். அதை நூலின் கடைசியில் எங்களுக்காக அச்சிடுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கும் வரிசைகளை நிரப்பிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். நிரப்ப முடியாத சொல்லை எடுத்துவிடுங்கள். மூன்றாம் பாடத்துக்கு நான் பென்சிலால் போட்ட தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். மீதிப் பாடங்களுக்கும் உட்கார்ந்து போட்டுத் தரத் தயார்.

இப்படிக்கு,
வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை